படங்குக் கட்டும் என் தங்கையின் மூச்சும்

உடைந்த மூன்று விலா எலும்புகள், சளி கட்டிய நுரையீரல், பஸ் ஓடாத மலைப்பாதை, தன் பெயரின் ஏழு எழுத்துகள். இவ்வளவையும் வென்றவள் என் தங்கை சந்திரகாந்தா.

1989 ஆகஸ்டில், இரத்தோட்டைக்கு மேலே நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில், கொழுந்துக் கூடையோடு சறுக்கி, மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரக் கல்லில் நெஞ்சு அடிபட விழுந்தாள். இடுப்புப் பிடித்தாலும் விழுந்தாலும் எங்களுக்கு ஒரே வைத்தியந்தான்: கொழுந்தெடுக்கையில் இடுப்பில் சுற்றும் முரட்டுத் துணியான படங்கை இறுக்கிக் கட்டுவது. பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்கா அக்குளிலிருந்து அடிவயிறு வரை சுற்றினாள்.

"இன்னும் இறுக்குங்கக்கா. கட்டுனா நோவு தெரியல."

"இதுக்கு மேல இறுக்குனா ரெண்டு துண்டாப் போயிருவ புள்ள."

அது நாட்டில் கிளர்ச்சி நடந்த குழப்பக் காலம். பஸ் ஓடவில்லை, கட்டும் அவிழவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. உதடு நீலமாக இருந்தது. உடம்பைத் துடைக்கப் படங்கை அவிழ்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அவள் மூச்சை இழுக்கும்போது நெஞ்செல்லாம் எழ, இடது மார்புக்குக் கீழே உள்ளங்கை அகலம் மட்டும் உள்ளே குழிந்தது. விடும்போது அது மட்டும் வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்து அவளைக் குளிப்பாட்டியவள் நான். மனித உடம்பில் இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை.

கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று விலா எலும்புகள் இரண்டிரண்டு இடத்தில் உடைந்ததால்தான் அந்த இடம் தனியாகக் குழிகிறது என்ற டாக்டர், தன் வயிற்றில் கை வைத்துச் சிங்களத்தில் விளக்கினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே சட்டியைக் கவிழ்த்தது போல ஒரு தசை உண்டு. அது கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும், வயிறு முன்னால் வரும். விலாக்களை அவற்றின் இடையிலுள்ள தசைகள் தூக்கும். இருமிச் சளியைத் தள்ளுவது வயிற்றுத் தசை. எல்லாவற்றையும் சேர்த்தல்லவா கட்டியிருந்தோம்! இனி நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணையை நெஞ்சோடு அணைத்து இரும வேண்டும். படுத்தே கிடந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார்.

நோவுக்குப் பயந்து அவள் படுக்கவே பார்த்தாள். அடுத்த கட்டிலில் இருந்த, உக்குவளை ஊர்க்காரரான ஸுலைஹா, ஒரு மேசையை அவள் முன்னால் இழுத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் பெயரை எழுதி வைத்தார்.

"படுக்க வாணாம். இதப் பாத்து எழுதுங்க."

பள்ளிக்கூடம் போகாத தங்கை பென்சிலைப் பிடித்தாள். கூடவே மூச்சையும் பிடித்துக்கொண்டாள்.

"மூச்ச விடுங்க புள்ள! எழுதச் சொன்னா ஆத்துல முங்குறீங்க!"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. துருநிறத்தில், இரத்தம் கலந்து சளி விழுந்தது. நான் அலறிவிட்டேன். ஓடிவந்த நர்ஸோ, "ஹொந்தய், ஹொந்தய்," நல்லது என்று முதுகைத் தட்டினாள். அதன் பிறகு தங்கை தானே வைத்துக்கொண்ட முறை: ஒரு எழுத்து, ஒரு இருமல்.

வீட்டுக்கு அனுப்பும்போது கிளார்க், கேட்காமலே கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினார். அவள் அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். வயிறு முன்னால் வர மூச்சை இழுத்து, ஏழு எழுத்தையும் போட்டாள். அன்று 1989 செப்டம்பர் 4.