மருந்துக்கடைப் பரணில் ஒரு பெட்டி

பொன்னமராவதியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பிரகதீஸ்வரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சிஸ்டம் அக்கா என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். ஒன்பது வருஷமாக அங்கிருந்த கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியச்சி. கல்யாணம் கூடிவரவில்லை, வயது முப்பத்தெட்டு. அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வேலைதான் மரியாதை. வேலைக்குப் போகிற நாத்தனாருக்கு மதினி டீ போட்டுக் கையில் கொடுப்பாள், அவ்வளவுதான் விஷயம்.

ஆஸ்பத்திரியில் ஒரு தலைவலி இருந்தது. லேப் ரிப்போர்ட் பார்க்கக் கம்ப்யூட்டரில் ஒரு நம்பர் அடிக்க வேண்டும், ஸ்கேனுக்கு ஒரு நம்பர், மருந்துக்கடைக்கு ஒரு நம்பர். நர்ஸுகள் அதையெல்லாம் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் எழுதி, ஒவ்வொரு கம்ப்யூட்டர் நெற்றியிலும் ஒட்டிவைத்திருந்தார்கள். ஒரு மெஷினை மாற்றினால் நம்பரும் மாறும், உடனே போன். "அக்கா, லேப் வரல." "அக்கா, இங்கிட்டும் வரல." சோற்றில் கை வைக்க விடமாட்டார்கள்.

பொறுத்துப் பார்த்தாள். கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, எல்லா மெஷின்களின் பெயரையும் நம்பரையும் அதற்குள் எழுதிவைத்தாள். இனி 'லேப்' என்று அடித்தால் போதும். அதன் நம்பர் என்னவென்று வார்டு கம்ப்யூட்டரே இந்தப் பெட்டியிடம் கேட்டுக்கொள்ளும். டி.என்.எஸ். சர்வர் என்பார்கள். ஸ்கிரீன் கிடையாது, கீபோர்டு கிடையாது. மருந்துக்கடைப் பரணில் ஏற்றி யூ.பி.எஸ்.ஸில் மாட்டிவிட்டாள். மூன்று வாரம் பிடித்தது. முடிந்த அன்று நர்ஸ் பிளெஸ்ஸி பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா."

நன்றாகத்தான் இருந்தாள், நாலு மாசம். போன் அடிக்கவே இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது, பாவம், அவளுக்கு உறைக்கவில்லை. ஒருநாள் மேனேஜர் ரத்தினவேல் கூப்பிட்டார். "சும்மாதானம்மா உக்காந்திருக்கீங்க. அடுத்த மாசத்துலேருந்து வேண்டாம். ஏதாச்சும்னா கூப்பிடுறோம்." ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி!

'கூப்பிடுறோம்' என்ற அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டே இரண்டு மாசம் ஓட்டினாள். மதினி டீயை அடுப்படியில் மூடிவைக்கத் தொடங்கினாள். பிறகு அதுவும் நின்றது.

ஆயுத பூஜை வந்தது. வார்டு ஆள் பிச்சைமுத்து பக்திமான். எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துத் துடைத்துச் சந்தனம் வைத்தவர், பரண்மேல் இருப்பதும் ஆயுதம்தானே என்று அதன் யூ.பி.எஸ். சுவிட்சையும் அணைத்துப் பொட்டு வைத்தார். பூஜை முடிந்து சுவிட்சுகளைப் போட்டபின், ஸ்கிரீன் இருந்ததையெல்லாம் எழுப்பினார்கள். ஸ்கிரீன் இல்லாத ஒன்றை யார் நினைத்தார்கள்? லேப் வரவில்லை, ஸ்கேன் வரவில்லை. பழைய நம்பர் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

"அக்கா, சீக்கிரம் வாங்க. மேனேஜரே கூப்பிடச் சொன்னாரு" என்றாள் பிளெஸ்ஸி போனில்.

பிரகதீஸ்வரி போனை வைத்த கையோடு இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஓடினாள். இனி அவளை விடமாட்டார்கள், இப்போதாவது அருமை தெரிந்திருக்குமே! ஸ்டூல் போட்டு ஏறி, சந்தனம் காய்ந்திருந்த பொத்தானை அமுக்கினாள். இரண்டு நிமிஷத்தில் எல்லாம் வந்துவிட்டது.

"அம்புட்டுதானா? ஒரு பட்டனா?" என்றார் ரத்தினவேல்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "சார், என் வேலை..."

"பாப்போம்மா. மறுபடி நின்னுபோனா கூப்பிடுறோம்."

மறுபடி நிற்கும். அது அவளுக்குத் தெரியும். பேசாமல் இறங்கி வந்திருக்கலாம். நாலு தடவை கூப்பிட்டு அலுத்து, ஐந்தாவது தடவை வேலையும் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒரு ரத்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பிளெஸ்ஸி மூச்சிரைக்க மாடிப்படி ஏறியதை வரும்போதே பார்த்திருந்தாள். அந்த ரிப்போர்ட்டுக்காக மேலே யார் கிடந்தார்களோ! மருந்துக்கடை ஸ்கிரீனையும் கீபோர்டையும் கழற்றிப் பெட்டியில் மாட்டினாள். கரண்ட் வந்தால் யாரும் தொடாமலே பெட்டி தானாக எழுந்துகொள்ளும்படி மாற்றிவைத்தாள். சுவிட்சை அணைத்துப் போட்டும் காட்டினாள்.

"இனிமே நிக்காதுங்க சார்."

"அப்ப ஒங்களக் கூப்பிடவே வேண்டியதில்லன்னு சொல்லுங்க!" மேனேஜருக்கு அப்படியொரு சந்தோஷம். பூஜைப் பொரிப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தம் கையாலேயே அவளிடம் கொடுத்தார்.