பதினெட்டு டிகிரிக்கு அப்பால்

தமிழ்ப்ரியா முதன்முறையாக மாடியேறி வந்தபோது, ஜெயசுதா திரையில் ஒரு போர் விமானத்தை விழவைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதுதான் அவள் வேலை. ஓடுதளத்தை நோக்கிக் கடைசியாகத் திரும்பும் இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, கைப்பிடியைக் கொஞ்சம் இழுத்து, எந்தக் கணத்தில் இடது இறக்கை சரிகிறது என்று பார்ப்பது. விழுந்ததும் மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பிப்பது.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஜெயசுதாவின் ஊர் வடக்கனந்தல். அப்பா தனசேகரன் கரும்பும் மரவள்ளியும் வைக்கிறவர். கோயம்புத்தூரில் விமானப் பொறியியல் படித்த மகள், படித்ததற்கு வேலை கிடைக்காமல் சென்னையில் லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அமிர்தத்துக்கு உடம்பு முடியாமல் போகவே ஊருக்குத் திரும்பினாள். பெங்களூரில் இருந்த அறிவுச்செல்வன் என்பவன் அப்போதுதான் அவளைக் கண்டுபிடித்தான். வீட்டுக் கணினியில் போர் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களுக்காக ஒரு சிமுலேட்டர் உண்டு. அதில் சேர்ப்பதற்கு ஒரு பழைய ஜெட் விமானத்தை, ஸ்விட்ச் ஸ்விட்சாக, நிஜம்போலவே செய்துகொண்டிருந்தது அவனுடைய சின்னக் குழு. ஒருவர் உருவத்தைச் செய்தார், ஒருவர் இன்ஜின் சத்தத்தை. காற்று ஜெயசுதாவின் பொறுப்பு. எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில், காற்று அந்த விமானத்தை எப்படித் தூக்கும், எப்படிக் கைவிடும் என்ற கணக்கு முழுவதும் அவளுடையது.

“எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏரோப்ளேன் செய்யுது” என்று அமிர்தம் அக்கம்பக்கத்தில் சொல்வாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

வந்தவளுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சின்னசேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை என்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த ஃபிளைட்ட நீங்கதான் செஞ்சீங்களா? யூடியூப்ல வீடியோ பாத்தேன். கடைசியில உங்க பேரும் கள்ளக்குறிச்சின்னும் போட்டிருந்துச்சு.”

“நான் மட்டும் இல்ல. இன்னா விஷயம்மா?”

“எங்கண்ணன் வெற்றிசெல்வன். இந்த ஃபிளைட்லதான் செத்துப்போச்சு.”

ஜெயசுதாவின் கை கைப்பிடியிலிருந்து தானாக விலகியது.

கல்வராயன் மலையிலிருந்து விமானப்படைக்குப் போன ஒரு பையனைப் பற்றி அவளும் செய்தித்தாளில் படித்திருந்தாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா சின்னப்பையன் சாமை விதைக்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால், வடக்கே எங்கோ ஒரு தளத்தில், தரையிறங்கும்முன் எடுத்த கடைசித் திருப்பத்தில் விமானம் சுழன்று விழுந்தது. பிறகு ஓர் அதிகாரி மலைக்கு வந்து, வருத்தத்தோடுதான், விசாரணையில் வந்த முடிவைச் சொல்லிவிட்டுப் போனார். விமானி வேகத்தை இழந்ததைக் கவனிக்கவில்லை. அவருடைய தவறு.

“அதுலேர்ந்து எங்கப்பா ஊர்க்கூட்டத்துக்குப் போறதில்லக்கா. ‘புள்ளைய அவ்ளோ தூரம் ஏத்திவுட்டியே, அவனுக்கு ஓட்டத் தெரியலியா’ன்னு ஒருத்தன் கேட்டுட்டான்.” அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். வேகம், உயரம், மீதி எரிபொருள், ஒரு பக்க இறக்கையில் மட்டும் தொங்கிய சுமை என்று அந்த அதிகாரி சொன்னதையெல்லாம் அதில் குறித்துவைத்திருந்தாள். “இதே மாதிரி ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க. அவ்ளோதான் கேக்குறேன்.”

ஜெயசுதா போனை வாங்கிப் பார்த்தாள். எண்களைப் போட்டாள். திரையில் மாலை வெளிச்சம், தொலைவில் ஓடுதளம். விமானத்தைச் சாய்த்தாள். திருப்பம் கொஞ்சம் அகலமாகப் போனது. எந்த விமானியும் செய்வதுபோல் கைப்பிடியை இன்னும் சற்று இழுத்தாள். அவ்வளவுதான். எந்த நடுக்கமும் இல்லாமல், யாரோ கீழேயிருந்து பிடுங்கியதுபோல் இடது இறக்கை போனது. வானமும் தரையும் இரண்டு முறை மாறின. திரை கறுத்தது.

தமிழ்ப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

“மறுபடியும் ஓட்டுங்க.”

மறுபடியும் அதேதான். இந்த முறை இறக்கை சரிந்த மறுகணமே ஜெயசுதா கைப்பிடியை முன்னால் தள்ளினாள். பலனில்லை.

“நீங்க ரெடியா இருந்துமே ஒண்ணும் பண்ண முடியல, பாத்தீங்களா? அப்ப எங்கண்ணன் இன்னா பண்ணியிருக்கும்?” அழுகைக்கு நடுவே அவள் முகத்தில் வேறொன்று பிறந்திருந்தது. “அக்கா, இத ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?”

அந்த இடத்தில் ஜெயசுதா சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எதிரில் நின்றவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல்தடவையாக மூச்சு விடுகிறவள்போல் நின்றாள். “எடுத்துக்கோம்மா” என்றாள் ஜெயசுதா.

அவள் சொல்லாமல் விட்டது இது. விமானத்தின் மூக்கு உயர உயர, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். ஓரளவுக்குமேல் கூடினால் காற்று இறக்கையை விட்டுவிடும். அது எப்படி விடும் என்பதற்கான வரைபடம், வெளியே கிடைத்த எல்லா ஆவணங்களிலும் பதினெட்டு டிகிரியோடு முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் இருந்த கோட்டை ஜெயசுதாதான் போட்டாள். முதலில் சரிவாகப் போட்டிருந்தாள். அப்படிப் போட்டால் விமானம் விழுவதற்கு முன்னால் நடுங்கி எச்சரிக்கும். அறிவுச்செல்வனுக்கு அது பிடிக்கவில்லை. “பழைய ஆளுங்க இத கொலகாரப் ப்ளேன்னு சொல்லுவாங்க ஜெயா. சொல்லாம கொள்ளாம கடிக்கணும். அப்பதான் நம்புவாங்க” என்றான். இல்லை என்று சொல்ல அவளிடம் ஆதாரம் எதுவும் இல்லாததால் கோட்டைச் செங்குத்தாக்கினாள். தமிழ்ப்ரியா பார்த்து அழுதது அந்தக் கோட்டைத்தான்.

வீடியோ மறுநாளே பரவிவிட்டது. “மலைமகன் மீது சுமத்திய பழி பொய்! கள்ளக்குறிச்சி பொறியாளர் நிரூபித்தார்” என்று யாரோ மேலே எழுதியிருந்தார்கள். கீழே டயர் கடைக்காரர் மாடிக்கு வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். பேருந்து நிலையத்தில் தெரியாதவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மலர்விழி என்ற வக்கீல் போன் செய்து, மறுவிசாரணை கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடப்போவதாகவும், ஜெயசுதாவின் சோதனையே முதல் ஆதாரம் என்றும் சொல்லி, கையெழுத்துப் போட எப்போது வர முடியும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்று வாய் தானாகச் சொன்னது.

அறிவுச்செல்வன் போனில் குதித்தான். “ஜெயா, உலகம் பூரா நம்ம ப்ளேனப் பத்திதான் பேச்சு!”

“அறிவு, அந்தக் கோடு நான் சும்மா போட்டது. உனக்கே தெரியும்.”

“நீ பொய்யா சொன்ன? ஓட்டிக் காட்டுன, அது வுழுந்துச்சு. அவ்ளோதான். அந்தக் குடும்பத்துக்கும் நல்லதுதானே? கம்முனு இரு.”

போனை வைத்தபின் அவள் வேலை செய்ய உட்கார்ந்தாள். கோட்டைக் கொஞ்சம் சரித்தாள். அதே வேகம், அதே உயரம், அதே சுமை. இந்த முறை திருப்பத்தில் விமானம் முதலில் நடுங்கியது. கைப்பிடி கையில் அதிர்ந்தது. கொஞ்சம் முன்னால் தள்ளியதும் இறக்கை நிமிர்ந்து விமானம் பிழைத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் சரித்தாள். பிழைப்பது இன்னும் எளிதாக இருந்தது. திரும்பச் செங்குத்தாக்கினாள், வெற்றிசெல்வன் செத்தான். அவன் குற்றவாளியா இல்லையா என்பது அவள் விரல் நகரும் அளவைப் பொறுத்ததாக இருந்தது. அவள் எழுந்து ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.

அந்த விமானத்தை ஓட்டி ஓய்வுபெற்ற இருவர் குழுவுக்கு அவ்வப்போது யோசனை சொல்வதுண்டு. இருவரையும் கூப்பிட்டாள். ஒருவர், நடுங்கும், நன்றாகத் தெரியும் என்றார். மற்றவர், ஒரு பக்க இறக்கையில் மட்டும் சுமை இருந்தால் நடுங்காது, தன் நண்பன் ஒருவன் அப்படித்தான் மயிரிழையில் தப்பினான் என்றார். எண்ணாக ஏதாவது உண்டா என்று கேட்டாள். இருவரிடமும் இல்லை.

வியாழக்கிழமை காலை கச்சிராயபாளையம் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் சாயும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப அமைத்துப் பார்த்தாள். எப்படி அமைத்தாலும் அது அந்த வீட்டை இன்னொரு முறை இடிக்கும் வாக்கியமாகவே இருந்தது.

சின்னப்பையன் வாசலுக்கே வந்து வரவேற்றார். வீட்டில் சொந்தக்காரர்கள் சிலர் கூடியிருந்தார்கள். மகனின் படத்துக்குப் புதுமாலை போட்டிருந்தது. “வா பாப்பா, வா. எம்புள்ள மானத்தக் காப்பாத்துனவ நீ” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தமிழ்ப்ரியா டீ டம்ளரோடு சிரித்தபடி வந்தாள். ஜெயசுதா டீயை வாங்காமலே பேச ஆரம்பித்தாள். வாங்கிவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

“ஐயா, நான் காட்டுனது நிஜ ஃபிளைட்டு இல்லீங்க. நாங்க போட்ட கணக்கு. வுழுந்த அந்த எடத்துக்கு மட்டும் எங்ககிட்ட கணக்கு இல்ல. நானா ஒரு குத்துமதிப்பு போட்டேன். அத மாத்திப் போட்டா ஃபிளைட்டு வுழறதில்லீங்க.”

சின்னப்பையன் அவள் கையை மெல்ல விட்டார்.

“அப்ப எம்புள்ள தப்புதான் பண்ணானா?”

“அதுவும் எனக்குத் தெரியாதுங்க ஐயா. பண்ணாருன்னும் சொல்ல முடியாது, பண்ணலன்னும் சொல்ல முடியாது.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கா மலையேறி வந்த?” என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

தமிழ்ப்ரியா டம்ளரைக் கீழே வைத்தாள். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? நான் அழுதுக்கினு நிக்கறப்ப பாத்துக்கினேதான இருந்தீங்க? வீடியோ எடுக்கறேன்னு கேட்டேன், எடுத்துக்கோன்னு சொன்னீங்களே! இப்ப ஊர் பூரா சொன்னப்புறம் வந்து…” அவள் குரல் உடைந்தது. “எங்கள இன்னான்னு நெனச்சீங்க?”

“தப்புதான். நீங்க அழறப்ப சொல்ல எனக்கு தைரியம் வரல.”

“போங்கக்கா. தயவுசெஞ்சி போயிடுங்க.”

ஜெயசுதா கிளம்பினாள். வாசல்படியைத் தாண்டும்போது பின்னாலேயே தமிழ்ப்ரியா வந்தாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. கத்துவதற்குத்தான் வந்திருந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். பொழுதன்னைக்கும் இதே வேலையா இருக்கற உங்களுக்கே அந்தக் கணக்கு கெடைக்கல. அப்ப எங்கண்ணன் தப்புன்னு முடிவு பண்ணவங்க எந்தக் கணக்க வச்சி முடிவு பண்ணாங்க? அவங்ககிட்ட இருக்குதா?”

ஜெயசுதா நின்றாள். “இருக்கலாம். வெளிய வராம உள்ளயே இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்.” சற்று யோசித்தாள். “தமிழ், அதத்தான் கேக்கணும். மனுவுல நான் நிரூபிச்சேன்னு போடாதீங்க. பதினெட்டு டிகிரிக்கு அப்பால இந்த ஃபிளைட்டு எப்பிடி நடந்துக்கும்னு சோதன பண்ணியிருக்காங்களா, ஒரு பக்கச் சுமையோட பண்ணியிருக்காங்களான்னு கேளுங்க. எனக்கு இன்னா தெரியும், இன்னா தெரியாதுன்னு நான் எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன்.”

தமிழ்ப்ரியா திரும்பி உள்ளே போய்விட்டாள்.

ஆனால் அன்று மாலைக்குள் வீடியோவை அவளே நீக்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை வக்கீல் அலுவலகத்தில் ஜெயசுதாவின் எதிரே உட்கார்ந்து, முகம் பார்க்காமல், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தாள். மலர்விழிக்கு ஏமாற்றம்தான். “ஆதாரம்னு நெனச்சது கேள்வியாப் போச்சே” என்றார். பிறகு தாளைத் திரும்பப் படித்துவிட்டு, “கேள்வி நல்லாதான் இருக்குது” என்று சொல்லி மனுவை மாற்றி எழுதினார்.

ஊர் அவளை விட்டுவைக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு பல்டி அடித்துவிட்டாள் என்றார்கள். வடக்கனந்தலில் அப்பாவிடமே ஒருவன் கேட்டான். தனசேகரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மகளிடம் மட்டும், “வாங்குனியா?” என்று ஒருமுறை கேட்டார். “இல்லப்பா” என்றாள். அதோடு சரி.

அறிவுச்செல்வனோடு சண்டை பெரிதாக வந்தது. கோட்டைச் சரிவாக மாற்றி, பதினெட்டு டிகிரிக்கு மேல் இந்த விமானத்தின் நடத்தை எங்கள் ஊகம் மட்டுமே என்று முகப்பிலேயே எழுத வேண்டும் என்றாள் அவள். நிஜம்போல என்று விற்கிற பொருளில் ஊகம் என்று எழுதினால் யார் வாங்குவார்கள் என்றான் அவன். எழுதாவிட்டால் தன் கணக்கைத் தர மாட்டேன் என்றாள். வெளியீடு தள்ளிப்போனது. குழுவிலிருந்து இருவர் விலகினார்கள். கடைசியில் அந்த வரி இருந்தது, சின்ன எழுத்தில். வாங்கியவர்களில் பலர், வீடியோவில் பார்த்ததைவிட விமானம் சாதுவாகிவிட்டது என்று திட்டினார்கள். சிலர் அந்த வரியைப் படித்துவிட்டு, தங்களிடம் இருந்த பழைய ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினார்கள். எதுவும் பதினெட்டைத் தாண்டவில்லை.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். விமானப்படைத் தரப்பில் பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டிருக்கிறார்கள். தமிழ்ப்ரியா வழக்கு விஷயமாக மட்டும் போன் செய்வாள், சுருக்கமாக. அக்கா என்பதை விட்டு, மேடம் என்று கூப்பிடுகிறாள்.

ஆவணி மாதத்தில் ஒரு பகலில் சின்னப்பையன் தனியாக மாடியேறி வந்தார். வக்கீலைப் பார்க்க வந்தவராம். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வெகுநேரம் கைப்பிடியையும் காலடியில் இருந்த பெடல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் உள்ள உக்காந்தா இன்னா தெரியும் பாப்பா? அத மட்டும் காட்டு. வுழறது வேணாம்.”

ஜெயசுதா அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். விமானத்தை மேகத்துக்கு மேலே கொண்டுபோய் நேராகப் பறக்கவிட்டு, எந்த முள் எதைக் காட்டும், எந்த ஸ்விட்ச் எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எதையும் தொடவில்லை.

“இத்தனையும் அவனுக்குத் தெரியுமா?”

“எல்லாம் தெரிஞ்சிருக்கணும்ங்க. கண்ண மூடிக்கினு தொட்டுக் காட்டச் சொல்லுவாங்களாம். அப்புறந்தான் ஓட்டவே வுடுவாங்க.”

அவர் தலையசைத்தார். ஸ்விட்சுகளை இடமிருந்து வலமாக, வாய்க்குள் எண்ணுவதுபோல், மறுபடி பார்த்துக்கொண்டு போனார். பாதியில் நிறுத்தி, “இது எதுக்குன்னு சொன்ன?” என்று கேட்டார். அவள் திரும்பச் சொன்னாள்.