ஸ்டெபிலைசரோடு அமெரிக்கா போன லாத்தா

வெள்ளிக்கிழமை காலை ரஹ்மத் லாத்தாவின் மகள் நஸ்ரீன் போனில் கூப்பிட்டாள். "மாமா, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள். நான் முதலில் கேட்டது, "எங்கன வச்சும்மா?" என்பதைத்தான். "வீட்டுலதான் மாமா. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க. எழுப்பப் போனேன், எந்திரிக்கலை" என்றாள். விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மகள் பக்கத்து அறையில் இருக்க, மேலப்பாளையத்துச் சொந்த வீட்டில், தூக்கத்தோடு தூக்கமாகப் போயிருக்கிறார். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அழுகை அதற்குப் பிறகு வந்தது.

நிம்மதி என்று எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரஹ்மத் லாத்தாவுக்குச் சாவைப் பற்றிப் பயம் கிடையாது. அது தெரியாத ஊரில் வந்துவிடக் கூடாது என்பதும், வரும்போது கையில் பாதி வாசித்துப் பதிந்த புத்தகம் இருக்கக் கூடாது என்பதும்தான் அவருடைய கவலை. முதல் கவலை தீர்ந்துபோனது. இரண்டாவதையும் உடனே போய்ச் சரிபார்த்தேன். எந்தப் புத்தகமும் பாதியில் நிற்கவில்லை.

நம் நூலகத்தில் அவர் குரலில் படித்துத் தேறியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் நம் ஒலிநூலகம் என்பது இரண்டு அறையும் சத்தம் போடும் ஒரு மின்விசிறியும்தான். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற மாணவர்களுக்கு என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டு, வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் பதிந்து அனுப்புவதைக் காதால் சோதித்து, இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டிச் சரிசெய்வது என் வேலை. லாத்தா வீட்டிலிருந்தே வாசிப்பார். மாடி அறைச் சுவர் முழுக்கப் பழைய ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு, மேசையில் ஒரு மைக், மைக்கின் ஒலியைச் சீராக்கும் ஒரு சின்ன மிக்சர், ஒரு லேப்டாப். அவர் வீட்டில் எல்லோரும் அவரை அக்கா என்ற பொருளில் லாத்தா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அச்சில் இருப்பதில் ஒன்றையும் விடமாட்டார். அட்டை, பதிப்புரை, அச்சகத்தின் பெயர், பின்னட்டை விளம்பரம் எல்லாவற்றையும் வாசிப்பார். படம் இருந்தால் படத்தைச் சொல்வார். ஒருமுறை கல்லூரி நூலகத்தில் இரவல் வாங்கிய பொருளியல் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டே வந்தவர், நடுவில் அதே குரலில், "ஓரத்தில் பென்சிலால் 'முக்கியம்' என்று எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்று தெரியவில்லை" என்று சேர்த்துக்கொண்டார். இதெல்லாம் வேண்டுமா லாத்தா என்று நான் சலித்துக்கொண்டேன். "தம்பி, கண்ணு இருக்கவன் அதைத் தாண்டிப் போவான், அது அவன் இஷ்டம். நாம தாண்டிட்டோம்னா கேக்க பிள்ளைக்கு அது இல்லாமலே போயிரும்" என்றார். அந்த வருடம் மாணவர்கள் எல்லோரும் பென்சில்காரர் சொன்ன பகுதியைத்தான் உருப்போட்டார்கள். கேள்வி அதிலிருந்து வரவில்லை என்பது வேறு விஷயம்.

இனி இசக்கியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து சட்டம் படித்த பிள்ளை, அவளுக்கும் பார்வை கிடையாது. எல்லாத் தாளும் தேறிவிட்டாள், முஸ்லிம் சட்டம் என்ற ஒரு தாள் மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. அதைத் தேறினால்தான் வக்கீலாகப் பதிய முடியும். வயல் வேலை பார்க்கும் அவள் அப்பா, "இந்தப் பரீட்சை வரைக்குந்தான் பஸ் ஏத்தி விடுவேன், இதுக்கு மேல என்னால முடியாது தாயி" என்று சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒரு பழைய தமிழ்ப் புத்தகம். கைப்பேசியே படித்துக் காட்டும் காலம்தான் இது. ஆனால் அந்த மங்கிய அச்சைப் படம் பிடித்துக் கொடுத்தால் அது உளறியது. வாசித்துக் கொடுக்கும் மற்றவர்களில் இரண்டு பேர் முயன்று, மணக்கொடைக்கு மஹர், காத்திருப்புக் காலத்துக்கு இத்தா, அறக்கொடைக்கு வக்ஃபு என்று அரபுச் சொற்கள் வரிக்கு வரி வந்ததும் கும்பிடு போட்டுவிட்டார்கள். லாத்தா கையில் எடுத்தார். பாதி முடித்திருந்தபோது அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. நஸ்ரீனுக்குப் பிரசவம் சிக்கல், உடனே வரவேண்டும்.

"பிள்ளையையும் பாக்கணும், இந்தப் பிள்ளையையும் விட முடியாது. பொட்டியோட கொண்டு போயி அங்கனயே படிக்கேன்" என்றார் லாத்தா. மைக், மிக்சர், லேப்டாப் எல்லாம் மெத்தைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் போயின. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், அமெரிக்காவில் நூற்றுப்பத்து வோல்ட்தான் வரும் என்று. மேலப்பாளையத்தில் சாயங்காலமானால் விளக்கு அழுது வடியும். டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும், மிக்ஸி முனகும் என்று எனக்கே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எங்களுக்கு இது நன்றாகப் புரிந்துவிட்டது. அமெரிக்காவிலும் லோ வோல்டேஜ்! வசதியான தேசம் என்றார்களே, அங்கேயும் இதே கதைதானா என்று லாத்தாவுக்கு ஆச்சரியம். கரண்ட் வேலை பார்க்கும் அண்ணாச்சியிடம் கேட்டோம். அவர் யோசித்துவிட்டு, "இங்கன நூத்தி அறுபதுக்கு எறங்கும்போதே ஸ்டெபிலைசர் தூக்கி நிறுத்துதுல்லா? அங்கனயும் தூக்கும். கொண்டு போங்க" என்றார். நானும் அதுதான் சரி என்றேன். நம் பக்கத்து ஆட்களுக்கு மின்சாரத்தில் வரும் எந்த நோய்க்கும் ஸ்டெபிலைசர்தானே மருந்து.

தனக்கென்று எடுத்துவைத்த சேலைகளில் பாதியைப் பீரோவுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஸ்டெபிலைசரை வைத்தார். பிரசவ லேகியத்தின் மேல் மட்டும் கைவைக்கவில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்த அதிகாரியிடம், "எம் மக வீட்டுல வோல்டேஜ் கம்மி தம்பி" என்றிருக்கிறார். மகள் எங்கே என்று கேட்டவர், அமெரிக்கா என்றதும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு அந்தப் பதிலைத் திரும்பச் சொல்ல வைத்தாராம். லாத்தா எனக்கு இதைச் சொல்லும்போது அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

போய்ச் சேர்ந்ததும் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்ற செய்தி வந்து நாங்கள் மூச்சு விட்ட அடுத்த நாளே, அங்கிருந்து புலம்பல் ஆரம்பித்தது. ஸ்டெபிலைசரை மாட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறதாம், உள்ளே டக் டக் என்று அடித்துக்கொள்கிறதாம், வெளியே ஒன்றும் வரவில்லையாம். நம் ஊர்ப் பெட்டி, தாழ்ந்து வந்தாலும் இவ்வளவுதான் தாழும் என்று எண்ணிச் செய்தது. நூற்றுப்பத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டது. ஸ்டெபிலைசர் இல்லாமல் நேராக மாட்டினால் மிக்சரில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தது. லேப்டாப் மட்டும் சொகுசாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலேயே இருக்கும் மைக்கில் ஒரு பக்கம் படித்து அனுப்பினார். லாத்தாவை விடப் பாத்திரம் கழுவும் இயந்திரம் தெளிவாகக் கேட்டது.

மருமகன் நல்ல மனிதர். வேலை முடிந்து வரும்வழியில் நூற்றுப்பத்தை இருநூற்று இருபதாக்கும் ஒரு கன்வெர்ட்டர் வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தார். மிக்சருக்கு உயிர் வந்தது. பதிவும் வந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். லாத்தாவின் குரலுக்கு அடியில், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிய மாதிரி ஓர் இரைச்சல். நம் ஊர் மின்சார இரைச்சல் எனக்குப் பழக்கம், அதன் சுருதி வேறு. இது ஏறிய சுருதி, வெட்டி வெட்டி வந்தது. எவ்வளவு முயன்றும் அதை என்னால் பிரித்து எடுக்க முடியவில்லை. இரண்டு நாளில் மிக்சரின் அடாப்டர் கைவைக்க முடியாமல் சுட்டது. லேசாகக் கருகல் வாடை வந்ததும் லாத்தா எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். அந்தக் கன்வெர்ட்டர் தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும்தான் லாயக்கு என்பது பிறகு தெரிந்தது.

புது மைக்கே வாங்கிவிடலாம் என்றார் மருமகன். லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "பாதி ஒரு சத்தம், பாதி வேற சத்தம்னா அந்தப் பிள்ளைக்கு ரெண்டு பேரு படிக்க மாதிரி இருக்கும்" என்றார். இங்கே இசக்கியம்மாள் தினமும் வருவாள். "சார், மஹர் அத்தியாயம் வந்துட்டா?" என்று கேட்பாள். வரவில்லை என்றால் தடியைத் தட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒருநாள் காலை, அங்கே முந்தைய நாள் சாயங்காலம், லாத்தா கூப்பிட்டு முதல்முறையாகத் தோற்ற குரலில் பேசினார். "முடியலை தம்பி. வேற யாரையாவது பாத்துக்கோ." ஏதாவது பேச வேண்டுமே என்று, "அந்த அடாப்டர்ல என்னதான் எழுதியிருக்கு லாத்தா?" என்று கேட்டேன். "பொடி எழுத்தா இருக்கு. பொறு, கண்ணாடி எடுத்துட்டு வாரேன்" என்றார். வந்து வாசித்தார். பேச்சுக்குரல் போய், நமக்கெல்லாம் தெரிந்த அந்த வாசிப்புக் குரல் வந்தது.

"மேலே கம்பெனி பெயர். அதற்குக் கீழே, உள்ளே வருவது இருநூற்று முப்பது வோல்ட், ஐம்பது ஹெர்ட்ஸ். வெளியே போவது பன்னிரண்டு வோல்ட், நேர்மின்சாரம், ஒரு ஆம்பியர். அதற்குக் கீழே ஒரு படம். நடுவில் புள்ளி, சுற்றி முழுதாக மூடாத வளையம். புள்ளியிலிருந்து போகும் கோட்டின் முனையில் கூட்டல் குறி. வளையத்திலிருந்து போகும் கோட்டில் கழித்தல் குறி. ஓரத்தில் குப்பைத் தொட்டி ஒன்று, அதன் மேல் குறுக்குக் கோடு." மூச்சு விட்டுவிட்டு, கேட்காமலே லேப்டாப்பின் சார்ஜரையும் எடுத்து வாசித்தார். "உள்ளே வருவது நூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட் வரை." அங்கே நின்றார். "தம்பி, இதுல 'முதல்', 'வரை'ன்னு போட்டிருக்கு. அதுல போடலியே!"

"அதான் இது ரெண்டு ஊர்லயும் ஓடுது" என்றேன். சொல்லும்போதே அடுத்ததும் எனக்கு விளங்கியது. "லாத்தா, மிக்சருக்கு இருநூத்தி முப்பது எதுக்கு? அதுக்குள்ள போறது வெறும் பன்னிரண்டுதானே?" பின்னாலிருந்து மருமகனின் குரல் கேட்டது. "ஆமா மாமி! அதே பன்னிரண்டு, ஒரு ஆம்பியருக்குக் குறையக் கூடாது, நடுவுல கூட்டல் குறி. அப்படி ஒரு அடாப்டர் இந்த ஊர்லயே கிடைக்கும். போட்டோ எடுத்துக்கிடுதேன்." கார் சாவி குலுங்கும் சத்தம் எனக்குப் பாளையங்கோட்டையில் கேட்டது. ஒரு மாதமாக மூன்று பேரும் வோல்டேஜை ஏற்றப் பாடுபட்டிருக்கிறோம். ஏற்ற வேண்டியதே இல்லை.

மறுநாள் வந்த பதிவை உடனே திறந்தேன். இரைச்சல் இல்லை. ஜமுக்காள அறையில் படித்த முதல் பாதியையும் இதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். ஒரே மேசையில் உட்கார்ந்து படித்த மாதிரி இருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து தனியாகச் சிரித்தேன். இசக்கியம்மாள் வந்ததும் ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அத்தியாயம் முழுக்கக் கேட்டாள்.

அவள் தேறினாள். செய்தி சொல்ல அவள் கூப்பிட்டபோது அப்பா போனை வாங்கிக்கொண்டார். மகள் தேறியதை அவரும் ஒருமுறை சொன்னார். பிறகு, "இனிமே கோர்ட்டுக்கு நானே பஸ் ஏத்தி விடுதேன் சார்" என்றார். லாத்தாவுக்கு இதைச் சொன்னபோது அங்கே அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பொட்டியைச் சொமந்தது வீண் போகலை" என்றார். பெட்டி என்று அவர் சொன்னது ஸ்டெபிலைசரைத்தான். அதைத் திரும்பவும் சுமந்துகொண்டே ஊர் வந்தார், இங்கே அதற்கு வேலை இருந்ததல்லவா. வந்த பிறகு லேபிள் வாசிப்பதில் அவருக்குத் தெருவில் பெரிய பெயர். சவூதியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சாமான் கொண்டு வருபவர்கள், "லாத்தா, இதை நம்ம வீட்டுல மாட்டலாமா?" என்று வந்து நிற்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குப்பைத் தொட்டிப் படம் வரைக்கும் வாசித்துச் சொல்லித்தான் அனுப்புவார்.

அடக்கம் முடிந்து நான் போனபோது இசக்கியம்மாள் கோர்ட்டிலிருந்து நேராக வந்து உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். நம் செய்தி மடலில் போட ஒரு படம் கேட்டேன். நஸ்ரீன் தேடிவிட்டு, "உம்மா படம் எடுக்கவே விடமாட்டாங்க மாமா, பாஸ்போர்ட்டுல உள்ளதும் மங்கிப் போச்சு, வேற ஒண்ணுகூட இல்ல" என்று உடைந்துபோனாள். அவளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அவர் முகம் எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை. எனக்குத் தெரிந்த லாத்தா குரல்தான், அது ஒரு சொல் குறையாமல் நூலகத்தில் இருக்கிறது. மண்ணுக்குள் போனது எதுவும் என்னிடம் இருந்ததில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

போனது ஒன்றுதான். "அந்த வரியை இன்னொரு தடவை படிங்க லாத்தா" என்று இனிக் கேட்க முடியாது. இசக்கியம்மாள் இப்போது நடத்தும் வழக்கு ஒன்றுக்காக அவர் கடைசியாக வாசித்த வக்ஃபு புத்தகத்தில், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வரியில் தடுமாறி, "அய்யோ, தப்பாப் படிச்சிட்டேன். இதை வெட்டிரு தம்பி" என்கிறார். பிறகு சரியாக வாசிக்கிறார். வெட்டுவதற்காகத் திறந்தேன். பக்கத்தில் இருந்த இசக்கியம்மாள், "சார், இருக்கட்டும்" என்றாள். இத்தனை வருடத்தில் லாத்தா சொல்லி நான் வெட்டாமல் விட்டது அந்த ஒன்றுதான். உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை எடுக்க மாட்டேன்.