சேர்த்தா, தனியா

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைத்தேன். செய்யாறிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே ஆரணிக்கு வந்து சேரும்போதே பாதி தெம்பு போயிருக்கும். அப்போது வேலையெல்லாம் வைரஸால்தான். வேண்டிய ஃபைல்களை சிடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும்.

அன்று போனது பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் கடை. நடத்தியவர்கள் அண்ணன், தம்பி. பேச்சுவார்த்தை நின்றுபோய், கடைக்கு நடுவே பிளைவுட் தடுப்பு அடித்திருந்தார்கள். தடுப்பில் ஓட்டை போட்டு நெட்வொர்க் வயர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. டிசைன்கள் தம்பியின் கம்ப்யூட்டரில். பிரிண்டர் அண்ணன் பக்கம். வைரஸ் இரண்டிலும்.

தம்பியுடையதை முதலில் முடித்தேன். அண்ணனுடையதில் சிஸ்டம் பாதி ஏறியதும் திரை கேட்டது: இது எந்த குரூப்பில் சேர வேண்டும்? ஃபைலையும் பிரிண்டரையும் மற்ற கம்ப்யூட்டரோடு பகிர வேண்டுமா? வேறு இடமாக இருந்தால் யாரையும் கேட்காமல் தட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"தம்பியோடத சேத்து வைக்கவா, தனியா வைக்கவாங்க?"

"தனியாவே வெச்சிடும்மா."

"அப்பறம் அவரு டிசைன் உங்களுக்கு வராதுங்க."

சற்று யோசித்தார். "அவனைக் கேட்டுக்கினு வா."

தம்பியின் வாசல் அடுத்த சந்தில். வெயிலில் சுற்றிக்கொண்டு போனேன்.

"அவரு இன்னா சொன்னாரு?" என்றார் தம்பி.

"உங்களைக் கேக்கச் சொன்னாரு."

"பிரிண்டர் குடுப்பாரான்னு கேளும்மா."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது கேட்டது. நாங்கள் பேசியதும் அவருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் நான்தான் மறுபடி சந்து வழியாகச் சுற்றி நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"எடுத்துக்கட்டும். டிசைனை நான் பாத்தா போதும்."

திரும்பவும் தம்பியிடம் போனேன்.

"பாக்கட்டும். ஆனா மாத்தக் கூடாது."

அதற்கும் தம்பியின் திரையில் ஒரு கட்டம் இருந்தது, 'மற்றவர்கள் மாற்றலாம்' என்று. அதில் டிக் போடாமல் விட்டேன். மறுபடி அண்ணன் பக்கம் நடந்தபோது இருவர்மேலும் எரிச்சலாக வந்தது. பசி வேறு. இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று கண்டுகொண்டதும் ஒரு டிசைனை அனுப்பிப் பார்த்தோம். பிரிண்டர் இரைந்து காகிதத்தைத் தள்ளியது. அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

அடுத்த வருடம் தம்பி சொந்தமாக பிரிண்டர் வாங்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். அண்ணன் மறுபடி வைரஸ் என்று கூப்பிட்டார். அந்தக் கேள்வி வந்ததும், என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார்.

"இப்ப இன்னா போடுவே?"

"தனியாதானேங்க?"

"வேணாம், பழைய குரூப்பே இருக்கட்டும். பகிர்றதும் இருக்கட்டும்."

அந்த குரூப்பில் வேறு கம்ப்யூட்டரே இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர் சொன்னபடியே போட்டுவிட்டு, மீதி ஏறட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.