புதுப் பலகை என்று சொன்னது

ஆறாம் வகுப்பில் நான் சொன்ன ஒரு பொய்யை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பதினோரு வயதுப் பெண் தன் தோழியிடம் விடுகிற சாதாரண டூப்புதான் அது. ஆனால் அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. பஸ்ஸில் போகும்போது ஞாபகம் வந்தால்கூட, பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரிந்துவிட்ட மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அப்போது நாங்கள் ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற சாலையை ஒட்டி ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு மோட்டார் பாகக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஆள். வெளிநாட்டிலிருந்து மிஷின்கள் வரும் மரப்பெட்டிகளைப் பிரிப்பதும், வெளியே போகும் சரக்குக்குப் புதுப் பலகையில் பெட்டி அடிப்பதும் அவர் வேலை. பிரித்த பெட்டியின் பலகையைக் கம்பெனி கழிவு என்று ஒதுக்கிவிடும். வேண்டும் என்று கேட்கிற ஆளுக்கு சூப்பர்வைசர் கேட் பாஸ் எழுதித் தருவார். ரோஸ் நிறச் சீட்டு. அதில் ‘பழைய பலகை, நான்கு’ என்று எழுதிக் கையெழுத்து இருந்தால்தான் செக்யூரிட்டி வெளியே விடுவார். புதுப் பலகை என்றால் ஒரு துண்டுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. சனிக்கிழமைதோறும் அந்தச் சீட்டோடு நாலு பலகை மொபெட்டின் பின்னால் கட்டப்பட்டு எங்கள் வீட்டுக்கு வரும்.

கட்டில், அலமாரி, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் அப்படி வந்ததுதான். வேப்பனப்பள்ளிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்த அப்பாவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. ரோட்டில் கிடக்கும் கம்பியைக்கூட ஒரு நிமிஷம் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இது எதுக்காச்சும் ஆவும்” என்பார். ஆகவும் செய்யும். யாரோ எறிந்த வாஷிங் மெஷினின் டிரம் எங்களுக்கு வெந்நீர் அடுப்பு ஆனது. பெயின்ட் டப்பாக்களில் தக்காளியும் புதினாவும் வளர்ந்தன.

அம்மாவும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவள் இல்லை. கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைத்து வைப்பாள். சீயக்காய், ஊறுகாய், அப்பளம் எல்லாம் வீட்டிலேயே. காற்றுக்கு உதிர்ந்த மாங்காயைத் தோப்புக்காரர்களிடம் கேட்டு வாங்கிவந்து கீறி உப்புப் போட்டு, கம்பெனிப் பாலிதீன் உறையை மொட்டை மாடியில் விரித்து வத்தல் காயவைப்பாள். தயிர் டப்பாவில் ஊற்றி எடுத்த அவளுடைய குளியல் சோப்பு தயிர் டப்பா வடிவத்திலேயே இருக்கும். குப்பை வண்டிக்காரர் எங்கள் வாசலில் நிற்பதையே விட்டுவிட்டார்.

ஒரு பக்கம் காலியாக உள்ள காகிதம் எது கிடைத்தாலும் அம்மா சேர்த்து, ஊசி நூலால் தைத்து எனக்கு ரஃப் நோட்டு ஆக்கிவிடுவாள். கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், அப்பாவின் கேட் பாஸ் எல்லாம் அதில் சேர்த்தி. ‘பழைய பலகை, நான்கு’ என்று எழுதிய தாளுக்குப் பின்னால்தான் நான் பின்னக் கணக்குப் போட்டேன்.

ஐந்தாவது வரைக்கும் இதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆறாவதுக்கு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே மற்ற பிள்ளைகளின் பென்சில் டப்பாவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வீடு கசக்க ஆரம்பித்தது. அந்தச் சமயம் பார்த்து அப்பா எனக்குப் படிக்கிற மேசை ஒன்று செய்தார். பைன் மரம். மேல்பலகையில் கறுப்பு மையில் ஒரு குடை, ஒரு கண்ணாடிக் குவளை, மேலே பார்க்கும் இரண்டு அம்புக்குறி. கவனமாகத் தூக்கு என்று பெட்டியில் போடுகிற அடையாளம். அதைப் பார்த்து நான் அழுதேன். இந்தப் படமெல்லாம் இருந்தால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இழைப்புளியால் சீவி, ஆணி ஓட்டைகளை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்தார். குடையும் குவளையும் போன இடம் தெரியவில்லை. பார்க்கிறவர்கள் கடை மேசை என்று சத்தியம் செய்வார்கள்.

அந்த மாதம் பள்ளியில் கழிவுப் பொருளிலிருந்து கலைப்பொருள் செய்கிற போட்டி வைத்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் ஸ்டேஷனரி கடைக்குப் போய்ப் புது ஐஸ் குச்சியும் புது தெர்மகோலும் வாங்கினார்கள். வீடு முழுக்கக் கழிவுப் பொருளாகவே வைத்திருந்த நானும் அவர்களோடு போய் வாங்கினேன். இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். என் ஜோடியாக வந்தவளின் அப்பா, என் அப்பா வேலை செய்த அதே கம்பெனியில் ஸ்டோர் ஆபீசர். கோயம்புத்தூர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலேயே செய்யலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மறுக்க எனக்குச் சாக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலையிலிருந்து நான் வீட்டை ஒளித்துவைக்கிற வேலையில் இறங்கினேன். டப்பா சோப்பை அலமாரிக்குள் தள்ளினேன். பாலிதீனை மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். ரஃப் நோட்டைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது குண்டாக, ஓரமெல்லாம் ஏறுக்குமாறாக, ரோஸும் மஞ்சளுமாக இருந்தது. அம்மா மாடிக்குப் போன நேரம் பார்த்து அதை எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். பாதி நோட்டு காலியாக இருந்தது. அதைப் பற்றி அப்போது எனக்கு வருத்தமே இல்லை.

தோழி வந்தாள். அம்மா கேழ்வரகு மாவில் வெல்லம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். மாங்காய் வத்தலையும் ஒரு கிண்ணத்தில் வைத்தாள். நான் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். அவளோ கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டாள். பிறகு மேசையைத் தடவிப் பார்த்து, “சூப்பரா இருக்குது, எங்க வாங்குனீங்க?” என்றாள். எங்கள் அப்பா செய்தது என்றேன். அவள் கண்ணெல்லாம் விரிந்தது.

“பழைய மரத்துலயா? அப்ப நம்ம இதையே போட்டிக்குக் கொண்டுபோலாமுங்களா டீச்சர்னு கேக்கலாமே.”

அவள் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்குத்தான், எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நின்று என் மேசையைக் கழிவு என்று பார்க்கிற காட்சி கண்ணுக்குள் வந்துவிட்டது.

“பழசு இல்ல. புதுப் பலகை. எங்கப்பா கம்பெனி ஸ்டோர்லருந்து எடுத்துட்டு வந்தாரு” என்றேன்.

ஸ்டோர் என்ற வார்த்தையை நான் வேண்டும் என்றேதான் சொன்னேன். அவள் அப்பாவுக்கு உரிய இடத்தில் என் அப்பாவுக்கும் உரிமை உண்டு என்று காட்டிக்கொள்ள ஆசை. கேட் பாஸ் சட்டம் எனக்குத் தெரியாதா என்ன, நன்றாகவே தெரியும். ஆனால் வாயில் வந்த வேகத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனி அப்பாவுக்கு இன்னொரு காரணத்தாலும் முக்கியமாக இருந்தது. ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் ஓட்டியவரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், பட்டியலில் பேர் வந்துவிட்டது என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். வீட்டில் அந்த ஒரு பேச்சுதான். அம்மா வேண்டுதல்கூட வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லேசான காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. மத்தியானம் அப்பா திடீரென்று வீட்டுக்கு வந்தார். சட்டையில் வேர்வை. மேசைக்குப் பலகை கொண்டுவந்த கேட் பாஸ் சீட்டு வேண்டும் என்றார். ஸ்டோரில் புதுப் பலகை குறைகிறதாம். இவர் எடுத்துப்போனதாகப் பேச்சு வந்திருக்கிறதாம். கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஏஜென்சி மாறிவிட்டதால் அங்கே இருந்த நகல் புத்தகம் யாரிடமும் இல்லை. சீட்டைப் பார்க்காமல் தன்னால் சொல்ல முடியாது என்று சூப்பர்வைசரும் கைவிரித்துவிட்டாராம். அம்மா பதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சீட்டெல்லாம் உன் ரஃப் நோட்டுலதான் தெச்சிருக்கறேன். எங்க அது?”

“ஸ்கூல்ல தொலைஞ்சிருச்சு” என்றேன்.

அம்மா என்னைத் திட்டினாள், அடுப்படியில் இருந்த டப்பாவை எல்லாம் கவிழ்த்துத் தேடினாள். அப்பா மேசையின் அடியில் குனிந்து, பழைய ஆணித் தடம் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை, அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

வெறுங்கையோடு திரும்பிப் போனவர் சாயங்காலம் வந்தார். முகம் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“நம்ம வூட்டப் பத்தி ஸ்கூல்ல பசங்க ஏதாச்சும் சொல்றாங்களா பாப்பா?”

நோட்டைப் பற்றி விசாரணை வருகிறது என்று பயந்துகொண்டிருந்த எனக்கு இந்தக் கேள்வி பெரிய நிம்மதியாக இருந்தது. கிடைத்த வாய்ப்பை விட மனசில்லை. “எல்லாரு வூட்டுலயும் கடையில வாங்குன டேபிள்தான் இருக்குது” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். “சரி, வாங்கிக்கலாம்” என்றார்.

அவர் வேலை போனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு மாதம் கழித்து அம்மா அவருடைய கம்பெனி யூனிபார்ம் சட்டையைக் கத்தரித்துத் தலையணை உறை தைத்தபோதுதான் விஷயம் எனக்கு லேசாகப் புரிந்தது. புரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் ரஃப் நோட்டு வரைக்கும் பேச்சு வந்துவிடும் என்று பயம். அதன் பிறகு அப்பா மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் வேலை, பேரிகை என்கிற ஊரில் மர டிப்போ என்று எங்கெங்கோ போனார். எங்கேயும் பர்மனென்ட் ஆகவில்லை.

போன வருஷம் பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்தபோது அம்மாவோடு உட்கார்ந்து மாங்காய் கீறிக்கொண்டிருந்தேன். ஏதோ பேச்சில் அந்தக் கம்பெனியின் பேர் வந்தது. அம்மா கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்.

“உங்கப்பாவ அன்னிக்கே கேட்டாங்களாம். உன் பொண்ணுதான் எங்க பொண்ணுகிட்ட சொல்லிச்சு, அதக் கூட்டியா, பொய் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், விட்டுர்றோம்னு அந்த ஆபீசரே சொன்னாராம். இவருதான் முடியாதுன்னுட்டாரு.”

ஏன் என்று கேட்டேன்.

“அத்தினி பேரு முன்னால புள்ளய நிக்கவெச்சி பொய்க்காரின்னு சொல்லவெக்கறதான்னு கேட்டாராம். எனக்கே ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் சொன்னாரு. உங்கிட்ட கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு.”

அப்படியானால் அன்று சாயங்காலம் என் நெற்றியில் கை வைத்தபோதே அவருக்கு எல்லாம் தெரியும். வேலையை விட்டுவிட்டு வந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். நான் ஏன் பொய் சொன்னேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார். நானும் சொல்லிவிட்டேன். அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி ஏதாவது சொல்லலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்ப வந்து மாங்காயை எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஆறாவதில், வேலை போய் ஐந்தாம் நாளான ஞாயிற்றுக்கிழமை, அப்பா மொபெட்டில் ஒரு நீல பிளாஸ்டிக் மேசையைக் கட்டிக்கொண்டு வந்தார். கால்களில் கடைக்காரர் சுற்றிய தாள் அப்படியே இருந்தது. பைன் மேசையை அவரே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அப்பா கடையில் ஒரு பொருள் வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. காசு இல்லாமல் யாராவது கடைக்குப் போவார்களா என்று நானே யோசித்து நானே முடிவுக்கு வந்தேன். மறுநாள் பள்ளியில் பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே தோழியைத் தேடிப் பிடித்து, எங்கள் அப்பா பர்மனென்ட் ஆகிவிட்டார் என்று சொன்னேன்.