எல்லோருக்குமான போத்தல்

மண்டைதீவு மீன்வாடியை விட்டு நடக்கத் தொடங்கி அல்லைப்பிட்டிக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தடியை ஊன்றி, இடது காலின் குதியை மட்டும் நிலத்தில் வைத்து நடந்தேன். காய்ச்சலில் இரண்டு பக்கக் கடலும் மெல்ல எழும்பி வர, தெரு நடுவில் கயிறுபோல மிதந்தது. நடப்பது நானா, தெருதான் என்னை இழுத்துப் போகிறதா என்று தெரியவில்லை. பயமாக இருக்கவில்லை. சுகமாகக்கூட இருந்தது.

வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி என்னைத் துரத்தவில்லை. "காலோடை திரும்பி வா, இல்லாட்டிக் காலில்லாமல் வா. ஆனா முதல்லை ஆசுப்பத்திரிக்குப் போ. நீ ஏறினால் வள்ளமே மணக்குது" என்றார். அவ்வளவுதான்.

கடலட்டை பிடிக்கத் தண்ணீரில் இறங்கியபோது பெருவிரலுக்குக் கீழே சிப்பி வெட்டிய காயம் அது. இரண்டு மாதமாக ஆறவில்லை. மருந்து போடாமல் விட்டேன் என்றில்லை. வாடியில் ஒரு பழைய பால்மாப் போத்தல் இருந்தது. எங்களில் யாருக்காவது ஆசுப்பத்திரியில் குளிசை கொடுத்தால், நோவு நின்றதும் அவன் விழுங்குவதை நிறுத்திவிட்டு மிச்சத்தை அந்தப் போத்தலில் போடுவான். அடுத்தவனுக்கு உதவுமே. காயம் என்றால் நாங்கள் விழுங்குவதுமில்லை. கப்சூலை உடைத்துத் தூளை மேலே தூவுவோம். ஒரு நாள் சிவப்பும் கறுப்பும், ஒரு நாள் மஞ்சள். இரண்டு நாள் காய்ந்து கிடக்கும். மூன்றாம் நாள் புண்ணின்மேல் வழவழவென்று ஒரு தோல் படரும், நத்தை போன தடம்போல.

கடற்படைச் சாவடியில் அடையாள அட்டையைக் கேட்டவன் என் காலைப் பார்த்து மூக்கைப் பொத்தினான். அட்டையைப் பாராமலே போகச் சொன்னான். வேலணைக்கு அப்பால் ஒரு உழவு இயந்திரம் ஏற்றிக்கொண்டது. அதன் பின்பெட்டியில் படுத்தபடி பனைகள் பின்னால் போவதைப் பார்த்தது நினைவிருக்கிறது. ஊர்காவற்றுறையில் இறக்கியது நினைவில்லை.

ஆசுப்பத்திரியில் தாதி மிஸி காலைக் கழுவ முன் என் மடியிலிருந்த போத்தலைக் கண்டார். வரும்போது அதையும் எடுத்து வந்திருந்தேன். வைத்தியருக்கு உதவும் என்ற நினைப்பு.

"இது ஆற்றை மருந்து?"

"எல்லாற்றையும்தான், மிஸி."

"எல்லா மருந்திலையும் அரைவாசி அரைவாசியாய்க் குடுத்துக் கிருமியைப் படிப்பிச்சிருக்கிறீர். அதுகள் சோதினை பாசாகிட்டுதுகள். நீர் எத்தினையாம் வகுப்பு?"

"எட்டோடை நிண்டனான்."

"அப்ப அதுகள் உம்மை முந்திட்டுதுகள்."

புண்ணின் கசிவைப் பஞ்சில் எடுத்துச் சோதிக்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சில நாளில் பதில் வந்தது. பற்றீரியாவும் பங்கசு என்ற பூஞ்சணமும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. பற்றீரியா வழக்கமான மருந்துகளுக்கு அசையாத சாதி. இரண்டும் சேர்ந்து பசை சுரந்து தமக்கு மேல் கூரை போட்டிருக்கின்றன. மருந்து கூரைமேல் மழைபோல வழிந்து போய்விடும். வைத்தியர் நாளும் அந்தத் தோலைச் சுரண்டச் சொன்னார். இரண்டுக்கும் இரண்டு மருந்து, ஒன்றாக, சொன்ன நாள் முழுக்க முடியும்வரை. அதிலும் கேட்காவிட்டால் பெருவிரலை எடுக்க வேண்டும், பிறகு பாதம் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்றார். நடப்பதைத் தவிர வேறு தொழில் ஒழுங்காகக் கற்காதவன் நான். அன்றைக்குத்தான் பயந்தேன்.

மிஸி சுரண்டும்போது கட்டில் சட்டத்தைக் கடித்தேன். பிறகு யன்னலுக்கு வெளியே கடல் நரைத்து நீலமாகி நரைப்பதைப் பார்த்துக் கிடப்பேன். சில வேளை கட்டிலும் மெதுவாகப் புறப்பட்டதுபோல இருக்கும்.

ஆறாம் நாள் நோ நின்றது. அன்று காலை கொடுத்த கப்சூலை வாயில் போடாமல் சட்டைப் பைக்குள் போட்டேன். திட்டமெதுவும் இல்லை. கை தானாகச் செய்தது. வாடியில் யாருக்காவது வெட்டினால் என்று மனம் சொல்லியது.

மிஸி கண்டுவிட்டார்.

"ஆருக்குச் சேமிக்கிறீர்?"

"நோ இல்லை, மிஸி. வாடிப் பெடியளுக்கு..."

"நோ போனால் கிருமி போனதெண்டு ஆர் சொன்னது? கூரைக்குக் கீழை மிச்சம் இருக்கிறது இப்ப உம்மைப் பாத்துச் சிரிக்குது. உம்மடை பெடியளுக்கு அந்த விரலையும் வெட்டிப் போத்தலிலை போட்டுக் குடுக்கட்டோ?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமி இருமிச் சிரித்தார். நான் விழுங்கினேன். அதன்பின் ஒவ்வொரு வேளையும் மிஸி வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

கடைசிக் குளிசை முடிந்த அன்று விரல் என்னிடமே இருந்தது. சுற்றிவர இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல்.

"கடலுக்கு இறங்க ஏலாது" என்றார் மிஸி. "தோல் மூடுமட்டும் ஈரம் படக்கூடாது. நடந்தும் திரியாதையும். ஒரு இடத்திலை இரும்."

"அது கஷ்டம், மிஸி."

"ஓம், தெரியுது."

அடுத்த நாள் காலை நாரந்தனையில் ஒரு வளவில், காயப்போட்ட கருவாட்டுக்குக் காகம் கலைக்கும் வேலையில் சேர்ந்தேன். ஒரு கதிரையும், கால் வைக்க ஒரு பெட்டியும் தந்தார்கள்.