குவேசார் வெளிச்சத்தில் ஒரு பள்ளம்

இடஒதுக்கீட்டு மறியல் நடந்த வருஷம், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். எந்த ரோட்டில் போனாலும் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். வெட்டியவர்களில் என் அண்ணனும் ஒருத்தன். எனக்கோ, வடக்கே ஒரு மலையில் இருந்த தொலைநோக்கியில் அமாவாசையை ஒட்டிச் சில இரவுகள் ஒதுக்கியிருந்தார்கள். நிலா இல்லாத வானம்தான் எங்களுக்கு வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான்.

"அவன் அவன் அமாவாசைக்கு வூடு வந்து அப்பனுக்குப் படைக்கிறான். நீ வூட்ட வுட்டு ஓடறியே" என்று அம்மா கரித்துக்கொட்டினாள். அவளுக்கு என்னவென்று சொல்வது?

குவேசார் என்பது வானத்தின் அந்தக் கோடியில் எரிகிற விளக்கு. அதன் வெளிச்சம் வரும் வழியில் எங்கேயோ ஒரு வாயு மேகம் கிடக்கும். மேகம் கண்ணுக்குத் தெரியாது. அது விழுங்கிய நிறம் மட்டும் வெளிச்சத்தில் குறைந்து, வரைபடத்தில் பள்ளமாக விழும். முந்தின வருஷம் அப்படி ஒரு பள்ளம் எனக்குக் கிடைத்தது. என் ஆராய்ச்சி வழிகாட்டி உதட்டைப் பிதுக்கினார். "கருவிக் கோளாறும்மா. இன்னொரு தடவை எடுத்துக் காட்டு, நம்பறேன்." மறுபடி பள்ளம் விழாவிட்டால் அத்தனை வருஷ உழைப்பும் பாழ்.

பொறுக்கமாட்டாமல் ரோட்டுக்கே போய் அண்ணனிடம் கத்தினேன். "படிப்புக்குத்தான மறியல்ன்ற? படிக்கிற என்னையே மறிக்கிறியே, வெக்கமா இல்ல?" கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்தது.

"மரம் நவுறாது. வாய மூடிக்கினு சைக்கிள்ல ஏறு" என்றான்.

கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் மிதித்தான். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தூக்கித் தாண்டினான். "இன்னாண்ணே, நீயே தாண்டறியா?" என்று காவல் நின்றவர்கள் மடக்கினார்கள். "எங்கூட்டுப் பொண்ணு பரிச்சைக்குப் போவுதுடா" என்று கூசாமல் புளுகினான். மேகத்தைப் பார்க்கப் போகிறாள் என்றால் விட்டிருப்பார்களா!

"ஏ புள்ள, நீ சொன்ன அந்த மேகத்துப் பள்ளம் இல்லன்னா இன்னா பண்ணுவ?" என்று மிதித்துக்கொண்டே கேட்டான்.

"செத்துருவேன்."

"த்தூ, வாயக் கழுவு."

வெள்ளிமலை போகிற ஜீப்பில் என்னை ஏற்றிவிட்டு அவன் திரும்பினான். நான் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, கிடைத்த லாரியெல்லாம் ஏறிப் போய்ச் சேர்ந்தால், வானம் மூடிக்கிடக்கிறது. நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி இரவில்தான் கொஞ்ச நேரம் மூட்டம் விலகியது. வரைபடத்தில் அதே இடத்தில் அதே பள்ளம். வழிகாட்டி கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஊருக்கு வந்தால் அண்ணன் இல்லை. என்னை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பியவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை.

ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். இளைத்துப்போயிருந்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்னாலதாண்ணா உனக்கு..."

"அத்த வுடு. இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சுண்ணா."

உள்ளே இருந்தவர்கள் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினான்.

"டேய், எந்தங்கச்சி சொன்ன மேகம் கீதாம்டா!"